பல்பை மாற்றிக்கொண்டே இருந்தேன்

எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வண்டில லைட்டு வெளிச்சமே பத்த மாட்டேங்குது" என்று அடிக்கடி சொல்கிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் காளிராஜ். எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிறவர்கள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, அதற்கு மேலும் படித்தவன் நான் ஒருவன்தான். ஆய்வகப் படிப்பு முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. ஐஸ் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும்கூடப் போவேன். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும்.

வண்டி பழையது, இன்னொருவர் ஓட்டி விற்றது. அந்த மாதிரி வண்டிகளில் முகப்பு விளக்கு பேட்டரியில் எரியாது. எஞ்சின் சுற்றும்போது காயிலில் உண்டாகிற கரண்டிலேயே எரியும். வேகமாகப் போனால் பளிச்சென்று இருக்கும். பள்ளம் வருகிறதே என்று வேகத்தைக் குறைத்தால் விளக்கும் சேர்ந்து மங்கும். அதனால் குறை விளக்கில்தான் என்று நான் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பால்பாண்டி அண்ணாச்சியும் அதைத்தான் நம்பினார்.

அவர் முதலில் விளக்கைப் பேட்டரிக்கு மாற்றினார். அப்புறம் விளக்குக்கு முழுக் கரண்டும் போகட்டும் என்று ரிலே வைத்து, தடித்த வயராக இழுத்தார். விளக்குக்கு உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் வெளுத்துப்போனது என்று அதைப் புதிதாகப் போட்டார். கூடுதல் வாட் பல்பு போட்டோம். அந்தச் சூட்டில் புது ரிஃப்ளெக்டர் கருகியது. பிறகு எல்இடி போட்டோம். அதுவும் போதாமல் ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு பக்கமும் குட்டி விளக்குகள் வைத்தோம். எங்கள் ஊரில் ஆயுத பூசைக்கு வண்டி விளக்கின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதைக் கையால் துடைக்கக் கூடாது, மழையில் தானாகக் கரைய வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அந்த வருடம் பொட்டு வைத்த அன்றைக்கே, அம்மா பார்க்காத நேரத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அப்படியும் ரோடு எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு வட்டம் தெரியும். அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கருப்பு.

எனக்குத் தெரியாதது ஒரு பக்கம் இருக்க, எதிரே வருகிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார்கள். ஒரு தடவை பேருந்து ஓட்டுநர் ஒருவர் வண்டியை என் பக்கத்தில் நிறுத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏலே, வண்டில லைட்ட வச்சிருக்கியா, வெயில வச்சிருக்கியா?"

"தெரியல அண்ணாச்சி, அதான்."

"ஒனக்குத் தெரியணும்னு என் கண்ண அவிச்சிருவியா? உள்ள அம்பது உசிரு இருக்குலே!"

பேருந்துக்குள் சிரித்தார்கள். நான் பால்பாண்டி அண்ணாச்சியிடம் போய் விளக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைக்கச் சொன்னேன். சாய்த்தால் இன்னும் தெரியவில்லை. மறுநாளே போய் மறுபடி தூக்கிவைக்கச் சொன்னேன். "நீரு லைட்டுக்கு வாக்கப்பட்டவருவே" என்றார் அவர்.

எனக்குத் துணைவியாக வர இருந்தவள் மகா. என் மாமாவின் மகள், அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பியின் மகள். விளாத்திகுளத்தில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். பிறந்ததிலிருந்தே எனக்கென்று சொல்லி வளர்த்தார்கள். பூ வைத்து உறுதியும் செய்தாகிவிட்டது. தை மாதத்தில் கல்யாணம் என்று பேச்சு. ஒருநாள் கடை முடிந்து அவளை என் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்தி நேரம், வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு இருந்தது.

"அத்தான், கல்லு! கல்லு கெடக்கு!"

வண்டி கல்லில் ஏறிக் குதித்தது.

"ஒனக்கு எப்படிட்டி தெரிஞ்சிது?"

"இது என்ன கேள்வி? அம்மிக்கல்லு தண்டி கெடக்கு. என்னய இப்பமே சோதிச்சுப் பாக்குதீங்களாக்கும், உக்காந்து வருவாளா, விழுந்திருவாளான்னு?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் பின்னால் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாகப் பார்த்து, என்னைவிடத் தெளிவாகக் கண்டாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு நாள் ராத்திரி, ரோட்டின் ஓரமெல்லாம் கரிசல் சேறு. மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளத் தட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் புதைந்து, பாதி ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றிருந்தது. நான் மூன்று விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு போய் டிரெய்லரின் மூலையில் மோதினேன். சத்தம் நினைவிருக்கிறது. ஐஸ் பெட்டி உடைந்து, அன்றைக்கு எடுத்த ரத்தமெல்லாம் போயிற்றே என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. என் கால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று பிறகுதான் பார்த்தேன்.

டிராக்டர்க்காரர் பதறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்து, கூடியவர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "அரை மைலுக்கு அங்கனயே அவரு லைட்டு தெரிஞ்சிதுய்யா. நான் துண்ட வீசுனேன். கூப்பாடு போட்டேன். என்னயத் தாண்டி நேரா வந்து மோதுதாரு. தண்ணி கிண்ணி போட்டிருக்காரோன்னு பாத்தேன், அதுவும் இல்ல."

முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. எலும்பின் உள்ளே நீளக் கம்பி செருகி, மேலும் கீழும் திருகாணி போட்டு முடுக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்ததால் நான் விழித்தேதான் இருந்தேன். தச்சுப்பட்டறையில் கேட்கிற மாதிரி சுத்தியல் சத்தம் கேட்டது. வலி இல்லை. நம் உடம்பை யாரோ தட்டிச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தும் வலி இல்லாமல் படுத்திருப்பது ஒரு மாதிரிப் பயமாக இருந்தது.

வார்டில் அடுத்த கட்டிலில் சங்கரபாண்டி அண்ணாச்சி. லாரி ஓட்டுநர், கையில் மாவுக்கட்டு. நான் எப்படி விழுந்தேன் என்று கேட்டுவிட்டு, "ஓகோ, அந்த மூணு லைட்டு மகராசன் நீருதானா? ஒம்ம ரெண்டு தடவ ரோட்டுல வஞ்சிருக்கேன். இப்ப நேர்லயும் வஞ்சிக்கிடுதேன்" என்றார். வைய ஆரம்பித்து, அவர் வீட்டிலிருந்து வந்த சோற்றில் பாதியை எனக்கு வைத்ததில் முடித்தார்.

அப்பா பகலில் மிளகாய்க் காட்டைப் பார்த்துவிட்டு மாலையில் வருவார். கட்டிலுக்கு அருகில் உட்கார மாட்டார். சுவரோரமாகத் தரையில் குத்தவைத்து, அடிபடாத காலின் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். அம்மா என்னுடனே தங்கினாள். மகா கடைக்குப் போகும் முன்பு பேருந்து ஏறி வந்து, தலையை வாரிவிட்டு, கம்பி போட்ட காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "தை மாசத்துக்குள்ள மணவறையச் சுத்தி வந்திருவீகளா?" என்று ஒருநாள் கேட்டாள். "நொண்டியாவது சுத்துவேன்" என்றேன். அன்றைக்கு எங்களுக்கு அதுதான் பெரிய கவலை.

ஊன்றுகோல் வைத்து நடக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்ததும் கரண்ட் போயிற்று. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். வார்டில் யாரும் சத்தம் போடவில்லை. தட்டுகள் உருளும் சத்தமும் பேச்சும் முன்பு போலவே கேட்டன. எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று தோன்றவில்லை. எல்லாரும் என்னைப் போலத்தான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"என்னவே, அங்கனயே சாமி வந்து நிக்கீரு? வாரும்."

"கரண்ட் வரட்டும் அண்ணாச்சி."

"கரண்டு எதுக்கு? ஜன்னல்ல இம்புட்டு வெளிச்சம் வருதுல்லா?"

"எந்த ஜன்னல்?"

செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. "என் கையில எத்தன வெரலு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தெரியலயா? ஒம்ம மூக்குக்கு நேரா வச்சிருக்கேன்" என்றார். பிறகு என் அக்குளில் தோளைக் கொடுத்துக் கட்டில் வரை நடத்திவந்தார். வருகிற வழியில் இருந்த ஸ்டூலில் ஊன்றுகோல் தட்டியது. அம்மா பாதி தூரம் ஓடிவந்து என் முகத்தையே பார்த்தாளாம். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி நர்சிடம் சொன்னார். நர்ஸ் மறுநாள் மருத்துவரிடம் சொன்னார். மாலைக்கண்ணாக இருக்கும் என்றார் அவர். அம்மாவுக்கு மாலைக்கண் என்கிற வார்த்தை தெரியும். அது சத்துக் குறைவால் வருவது, ஈரல் தின்றால் சரியாகும் என்பதும் தெரியும். அதனால் வார்டை விட்டு வந்த நாளிலிருந்து ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும்தான். கோழிக்கறிகூடப் பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற வீடு. அவள் எனக்கு மட்டும் வைத்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்து வெறும் ரசத்தை ஊற்றித் தின்றாள்.

கால் ஓரளவு ஊன்ற முடிந்ததும் வெளியூரில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். அங்கே காத்திருக்கும் கூடத்தில் பாப்பா பெரிதாவதற்குச் சொட்டுமருந்து விட்டு வரிசையாக உட்கார வைக்கிறார்கள். பாப்பா என்றால் கண்ணின் கருவட்டம். அது விரிந்தால்தான் உள்ளே பின்சுவர் வரைக்கும் பார்க்க முடியும். அத்தனை பேரும் கண்ணை மூடி மேலே பார்த்து உட்கார்ந்திருப்பது கோயிலில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. மருந்து எனக்கு எரிந்தது. அப்பா கைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து வந்து, எங்கே ஒற்றுவது என்று தெரியாமல் என் கழுத்தில் ஒற்றினார்.

ஒரு சோதனையில் கவிழ்த்த வெள்ளைச் சட்டி மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலிருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். ஓரக்கண் பார்வை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அளக்கும் சோதனை இது. நான் தயாராகப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சமே வரவில்லை. இயந்திரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலையா மேடம்?" என்று கேட்டேன். அந்தப் பெண், "ஓடிக்கிட்டுதான் இருக்கு தம்பி. தெரியறப்ப அமுக்குங்க, போதும்" என்றாள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டுப் பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றில் இருட்டறையில் உட்கார வைத்து, விழியில் மெல்லிய கம்பி பட வைத்து, வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் பட்டதும் கண்ணின் பின்சுவரில் சின்னதாக ஒரு மின்சாரம் எழ வேண்டும். அதைத் தாளில் கோடாக வரைகிறார்கள். இதயத்துக்கு எடுப்பது மாதிரிதான். என் கோடு மேலே எழவில்லை. கிட்டத்தட்ட நேராகவே கிடந்தது.

மருத்துவர் ஒரு அம்மா. அப்பா அம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார். நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. கண்ணின் பின்சுவரான விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று பகலுக்கு, நிறத்துக்கு. இன்னொன்று மங்கிய வெளிச்சத்துக்கும் ஓரப் பார்வைக்கும். எனக்கு இரண்டாவது வகை சிறுவயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் பார்வை. குழாய் இன்னும் சுருங்கும். எவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல முடியாது. என் வகைக்கு இப்போதைக்கு மருந்து இல்லை. வண்டி இனிமேல் ஓட்டவே கூடாது, பகலிலும்.

அப்பா எழுந்து நின்றுகொண்டார். "நான்தான் டாக்டரம்மா, அவன் படிக்கட்டும் படிக்கட்டும்னு விட்டேன். எந்நேரமும் பொஸ்தகத்துக்குள்ளதான் கெடப்பான். வேண்டாம்னு சொல்லியிருக்கணும்."

அம்மா அழுதுகொண்டே சொன்னாள். "சாமி பொட்ட தொடச்சான். கேட்டேன், இல்லன்னான். எனக்குத் தெரியும்."

"படிப்பாலயும் இல்லை, பொட்டாலயும் இல்லை" என்றார் மருத்துவர். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

அப்பா கட்டியது தன் சொந்த அக்காளின் மகளை. எங்கள் ஊரில் அதை ஒரு செய்தியாகக்கூட யாரும் சொல்வதில்லை. முதல் உரிமை அதுதான். மருத்துவர் ஒரு தாளில் வட்டமும் கட்டமும் வரைந்து விளக்கினார். இந்த நோய் வர இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பழுது வந்து சேர வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது, அவருக்கே தெரியாது. சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். "இது யாருடைய தப்பும் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இரண்டு தடவை சொன்னார்.

படிப்பால் இல்லை என்று அறிந்ததும் அப்பா முகத்தில் ஒரு நொடி வந்த தெளிவை நான் பார்த்தேன். எனக்குத் தெரிகிற வட்டத்துக்குள் அவர் முகம் சரியாக விழுந்திருந்தது. அடுத்த நொடியில் அவருக்கு மற்றது புரிந்தது. அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்து, "அப்ப நாங்க கட்டிக்கிட்டதாலயா?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி வரும் பேருந்தில் இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர்தான் தெரிந்தார்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண் மாமன் மகள் என்று நான் சொன்னபோது மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அவளிடமும் அந்தப் பழுது இருக்கலாம், ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார். இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கண்ணு மங்குதுன்னு அக்கா மகனக் கைவிட்டா ஊருல நான் தலநிமிந்து நடக்கவா? எம் மக ஒன் கையப் பிடிச்சிக்கிடுவா" என்றார். மகா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு வந்து சட்டைக் கையை மடக்கினாள். "ரத்தந்தான எடுக்கணும்? வேற ஆள எதுக்குத் தேடணும்? நீங்களே எடுங்க அத்தான்."

ரத்தம் எடுப்பதற்கு நடுப்பார்வை போதும். அது எனக்கு நன்றாகவே இருந்தது. ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தொட்டுப் பார்த்தேன். இதுவரை அவள் கையை அப்படி நான் பிடித்ததில்லை. ஊசி இறங்கும்போது எல்லாரும் வேறு பக்கம் திரும்புவார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். "எம்புட்டுப் பேருக்கு எடுத்திருக்கீக, எனக்கு மட்டும் ஏன் இம்புட்டு நேரம்?" என்றாள். ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. பெயரையும் வயதையும் எழுதி ஒட்டிப் பட்டணத்துக்கு அனுப்பினேன்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் அம்மா வேண்டாத கோயில் இல்லை. அப்பா அம்மாவுடன் பேசுவது குறைந்திருந்தது. ஒருநாள் அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்து, "நீயும் நானும் தெரிஞ்சா செஞ்சோம்?" என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

முடிவைக் கைபேசியில் நான்தான் முதலில் படித்தேன். மகாவிடமும் இருந்தது.

"பிள்ள வேண்டாம். நாம ரெண்டு பேரும் இருப்போம்" என்று அவள் உடனே சொன்னாள். நான் சரி என்றேன். எனக்கு அவள் வேண்டும். மறுத்துவிட்டுப் பெரிய மனிதனாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. தை மாதத்தைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனால் வரவர அவள் போன் பேச்சு குறுகியது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் பார்க்கிற இடம் பார்த்து உட்காரப் பழகியிருந்தாள்.

"அத்தான், என்னால முடியாது."

நான் கீழே கிடந்த வேப்பஞ்சருகு ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"ஒங்க கண்ணுக்கு இல்ல. சாமி சத்தியமா இல்ல. ஒங்களக் கையப் பிடிச்சு எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போவேன். ஆனா எனக்குப் பிள்ள வேணும் அத்தான். வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். கடைக்குக் கைப்பிள்ளையோட யாராவது வந்தா நான் கணக்க விட்டுட்டு அதத்தான் பாக்கேன். நாளைக்கு ஒருநாள் ஒங்க மேல வெறுப்பு வந்திருமோன்னு பயமா இருக்கு."

"மாமா என்ன சொன்னாவ?"

"அடிச்சாவ."

கன்னத்தைப் பார்த்தேன். அதுவரை அந்தச் சிவப்பை நான் கவனிக்கவில்லை. மாலையில் நானும் அப்பாவும் மாமா வீட்டுக்குப் போனோம். அவளை இனி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்த இடத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விளக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று தோன்றினால் கண்ணாடியைத் துடையுங்கள், வயரைப் பாருங்கள், ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். எதிரே வருகிறவருக்கு நம் வண்டி தெரிய வேண்டும், ஆனால் அவர் கண் கூசக் கூடாது. எதிரே ஆள் வந்தால் தாழ்த்திப் போடுங்கள். பின்னால் தட்டை ஏற்றினாலும் மூட்டை ஏற்றினாலும் சிவப்பு விளக்கை மறைக்காதீர்கள். இதெல்லாம் செய்த பிறகும் தெரியவில்லை என்றால், அதே வண்டியை, அதே ரோட்டில், அதே நேரத்தில் இன்னொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் பட்டறைக்குப் போகாதீர்கள், கண் மருத்துவரிடம் போங்கள். இருட்டில் பிள்ளைகள் அடிக்கடி தட்டி விழுந்தால் "கண்ண எங்க வச்சிருக்க" என்று திட்டாதீர்கள். என்னை எல்லாரும் அப்படித் திட்டினார்கள். நானும் கவனம் இல்லாத பிள்ளை என்றே என்னை நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

பால்பாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் ராத்திரி அந்த வண்டிய ஓட்டிப் பாத்திருந்தா..." என்று சொல்லி முடிக்காமல் எழுந்து போனார். பரிசோதனை நிலையத்தில் என்னை வெளியே அனுப்பாமல் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். நுண்ணோக்கியில் பார்க்கிற வேலை. அந்தச் சின்ன வட்டம் எனக்குப் போதும்.

ஆவணியில் மகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சாத்தூர்ப் பக்கம், சொந்தம் இல்லை. எங்கள் வழக்கத்தில் முறைமாப்பிள்ளை இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால், தாலி கட்டும் முன்பு அவனைச் சபைக்கு அழைத்து, தட்டில் வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பார்கள். அவன் வாங்கிக்கொண்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். வாங்காவிட்டால் தாலி ஏறாது. நீ வராவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார் அப்பா. நான் வராவிட்டால் அவளைத்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

காலை வெயில் பந்தலுக்குள் பளீரென்று விழுந்திருந்தது. என்னை மணவறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிரே மாமா வந்து நின்றார். அவர் உதடு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாப்ள" என்றார். தட்டை நீட்டியிருப்பார் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. தட்டு எங்கே, எந்த உயரத்தில் என்று தெரியவில்லை. குனிந்து தேடலாம். கையை நீட்டித் துழாவலாம். அத்தனை பேருக்கு முன்னால், அவள் முன்னால், அதைச் செய்ய எனக்குக் கை எழவில்லை. அப்படியே நின்றேன்.

மேளம் நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "வாங்க மாட்டேங்கானேலே" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது அவர் இருமலில் தெரிந்தது.

அதற்குள் மகாவின் குரல் மணவறையிலிருந்து வந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். சத்தமே இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது.

"கைய நீட்டுங்க அத்தான். இன்னும் கொஞ்சம் கீழ. வலது கைப் பக்கமா... ஆங், அங்கனதான்."

தட்டின் விளிம்பு விரலில் பட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.